காற்று எடுத்தல்

மே 11, திங்கள்

என் அண்ணன், சிலுவை என்று பெயர், கேட்டான்: "ஒனக்கு இப்ப சோலி ஒண்ணும் இல்லேல்லா?"

தத்துவ ஆய்வேட்டின் நான்காவது இயல் பாதியில் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். நின்று வெகுகாலம் ஆகிறது. சொல்லவில்லை.

"இல்ல."

"அப்ப படகுல டீசல் குழாயெல்லாம் மாத்தணும். நான் வலையப் பாக்கேன். நீ இதப் பாரு. படிச்சவன்தான?"

அதில் ஏளனம் இல்லை. அண்ணனுக்கு ஏளனம் வராது. அதனால்தான் உறைத்தது.

நிலவரம்: மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடியின் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. அவற்றில் எங்களுடையது கிழம். மார்ச்சில் நடுக்கடலில் எஞ்சின் நின்று, அண்ணனும் கூட இருந்தவர்களும் ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் நீரோட்டத்தில் போனார்கள். வேறொரு படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. அன்றைக்கு மதினி ஒரு தீர்ப்புச் சொன்னாள். இன்னொரு தடவை கடலில் எஞ்சின் நின்றால் படகை விற்றுவிட வேண்டும். அண்ணன் அம்மா முன்னால் "சரி" என்றான். அண்ணன் சரி என்றால் சரி.

ஆக, ஒரு குடும்பத்தின் படகு என் கையில். மனிதகுலம் இதைவிட மோசமான முடிவுகளை எடுத்திருக்கிறது. இப்போதைக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மே 13, புதன்

எஞ்சின் அறைக்குள் இறங்கும்போது தலை இடித்தது. ஏறும்போதும்.

டீசல் குழாய் என்று நான் கற்பனை செய்திருந்தது வேறு. இருப்பது செடிக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் டியூப். கண்ணாடி போல இருந்தது ஒரு காலத்தில். இப்போது பழைய நகத்தின் நிறம். வளைத்தால் முறிகிறது. இணைப்புகளில் கட்டுக்கம்பி. கம்பிக்கு மேல் சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் ஒரு வருடமாக இருக்கலாம், மரத்துக்குப் போல.

தொம்மை மெக்கானிக் வந்து மேலிருந்தே எட்டிப் பார்த்தார். அவருடைய தொந்தி எஞ்சின் அறை வாசலுக்குள் நுழையாது. துறைமுகத்தில் எல்லா எஞ்சினுக்கும் தானே வைத்தியர் என்பார்.

"ஏல, வெளிய எங்கயாவது ஒழுகுதா?"

"இல்லண்ணே."

"அதாம்ல நோவு. பம்பு இழுக்குற பக்கம் ஓட்டை விழுந்தா டீசல் வெளிய வராது. காத்து உள்ள போவும். பாக்கிறவன் கண்ணுக்குக் குழாய் சுத்தமா இருக்கும். எஞ்சின் போய்க்கிட்டே இருந்து திடீர்னு செத்துரும்."

வெளியே ஒழுகாத ஓட்டை. வெளியே சுத்தம், உள்ளே காற்று. இதை வைத்து என்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். குழாய் குழாய்தான்.

மே 18, திங்கள்

கடையில் குழாய் கேட்டேன். "உள்விட்டமா வெளிவிட்டமா?" என்றார் கடைக்காரர். "டீசலுக்கு" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் போய் அளந்து வந்தேன். வெளிவிட்டத்தை அளந்திருந்தேன். திரும்பவும் போனேன்.

வாங்கியவை: டீசலுக்கென்றே செய்த கறுப்பு ரப்பர் குழாய், இறுக்குகிற கிளிப்புகள், தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்று. வடிகட்டியின் அடியில் கண்ணாடி போன்ற ஒரு கிண்ணம். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் அது கனத்தால் கீழே இறங்கிக் கிண்ணத்தில் தங்கும். அடியில் உள்ள திருகைத் திறந்து விட்டுவிடலாம். இப்படி ஒரு வசதி மனிதனுக்குக் கிடையாது. (இதையும் கிழிக்க வேண்டும்.)

மே 19, செவ்வாய்

பழைய டியூபை எல்லாம் அறுத்து எடுத்தேன். உடம்பெல்லாம் டீசல். அம்மா அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு, படகுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தாள். செவ்வாய்தோறும் போகிறாள். மதியம் சாளைக் குழம்பு. மூன்று முறை கை கழுவியும் குழம்பில் டீசல் வாசனை. அண்ணன் ரசித்துச் சாப்பிட்டான். அவனுக்கு எல்லாக் குழம்பும் இப்படித்தான் இருந்திருக்கும் போல.

மே 20, புதன்

தொட்டியிலிருந்து வடிகட்டி, வடிகட்டியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து எஞ்சின் மேலுள்ள இரண்டாவது வடிகட்டி. எல்லாம் மாட்டியாயிற்று. கை பம்பை அடித்து, மேலே உள்ள நட்டை லேசாகத் தளர்த்தினால் முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். இதற்குக் காற்று எடுப்பது என்று பெயர். செய்தேன். எஞ்சின் பிடித்தது. நான் எஞ்சின் அறைக்குள் தனியாக நின்று கைதட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மதினி கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கொழுந்தனாரே, யாருக்குக் கைதட்டு?"

"சும்மா."

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் விக்கியது. கிண்ணத்தைப் பார்த்தேன். அடியில் நிறமில்லாமல் தெளிவாக ஒரு விரற்கடை. மேலே பொன்னிறம்.

தண்ணீர்.

மே 21, வியாழன்

"தொட்டி அடியில கெடந்த பழைய தண்ணியா இருக்கும்" என்றார் தொம்மை. வடித்தேன். நன்றாக ஓடுகிறது. நான் ஒரு மெக்கானிக்.

மே 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கிளிப்புகளை இறுக்கினேன். ஏற்கெனவே இறுகியிருந்தன.

மே 26, செவ்வாய்

சென்னையிலிருந்து என் நெறியாளர் கூப்பிட்டார். "இயல் எந்த நிலையில் இருக்கிறது?"

"ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன் சார்."

அவருக்குப் புரிந்திருந்தால் எனக்கு நல்லதில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "எஞ்சின் இப்ப எப்படில இருக்கு? தெளிஞ்சிருக்கா?" காய்ச்சல்காரனை விசாரிப்பது போலக் கேட்டாள்.

மே 27, புதன்

மறுபடியும் தண்ணீர். போன தடவை அளவுதான்.

தொம்மை: "தொட்டி வேர்க்குதுல. வெயில்ல உள்பக்கம் ஆவி கட்டி எறங்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. தொட்டியும் வேர்க்கிறது.

மதினி இறங்கி வந்து கிண்ணத்தைத் தானே பார்த்தாள். "நீங்க கிண்ணத்த ஆட்டிக் கலக்காதீங்க. எனக்குத் தெரியுது." பார்த்துவிட்டு ஏறிப் போனாள். பிரகாசி என்று பெயர் வைத்தவர்கள் அந்த முகத்தை அப்போது பார்க்கவில்லை.

மே 30, சனி

என் கோட்பாடுகள்:

தொட்டி மூடியின் ரப்பர் தேய்ந்து மேல்தளத்துத் தண்ணீர் இறங்குகிறது. (மாற்றினேன்.)

டீசலே அப்படி வருகிறது. (புட்டியில் பிடித்து வைத்துப் பார்த்தேன். பிரியவில்லை.)

யாரோ செய்கிறார்கள். (எதற்கு? அண்ணனுக்குப் பகைவர்கள் கிடையாது. பகைக்கிற அளவுக்கு அவன் பேசுவதில்லை.)

ஆய்வேட்டில் இவ்வளவு வேகமாக நான் கோட்பாடு எழுதியதில்லை.

ஜூன் 3, புதன்

மறுபடியும். இன்று எஞ்சின் கட்டிய இடத்திலேயே நின்றது. கடலில் நிற்கவில்லை, அதனால் தீர்ப்புக்குள் வராது என்றேன். மதினி என்னைப் பார்த்தாள். வக்கீலைப் பார்ப்பது போல.

கோவளத்து ஆள் ஒருவர் படகைப் பார்க்க வந்திருந்தார். அண்ணன் கூப்பிடவில்லை என்றான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பலகைகளை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். அண்ணன் வலையிலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் ஊசி நின்றிருந்தது.

"எஞ்சின் எப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

"அருமையா ஓடும்" என்றேன். பிறகு தோன்றியது: விற்காமலிருக்க வேண்டுமென்றால் மாற்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

ஸ்பேனரைப் படகில் மறந்துவிட்டேன். வெயில் உச்சியில் எடுக்கப் போனேன்.

மேல்தளத்தில் அம்மா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். டீசல் தொட்டியின் மூடி திறந்திருந்தது. கையில் மாதா உருவத்திலான பிளாஸ்டிக் புட்டி, தலைகீழாக.

"என்னம்மா செய்யுத?"

"பேசாம இருல. முடியட்டும்."

மாதா காலியாகும் வரை செபம் தொடர்ந்தது. சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் திருகினாள். நன்றாக இறுக்கினாள். என் புது ரப்பர்.

"டீசல்ல தண்ணிய ஊத்துதியே!"

"தண்ணியா? தீர்த்தம்ல."

"எஞ்சினுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதும்மா."

"வேதக்காரன் படகுதான? தெரியும்."

"மேல தெளிச்சாப் போதாதா?"

"மேலதான் தெளிச்சிக்கிட்டிருந்தேன். மார்ச்சு மாசமும் தெளிச்சேன். என்ன ஆச்சு? நோவு வயித்துக்குள்ள. மருந்த நெத்தியில பூசுனா சரியாவுமா? பெறகுதான் உள்ள ஊத்த ஆரம்பிச்சேன்."

குற்றமில்லாத அனுமானம். முதல் கூற்றில் மட்டும்தான் கோளாறு. என் நான்காவது இயலில் இந்த அளவு ஒழுங்கு கிடையாது.

கிண்ணத்தைக் காட்டினேன். மேலே டீசல், கீழே தண்ணீர், அது எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொன்னேன். வகுப்பெடுக்கிற குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே வந்தவள், கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நாந்தானால?"

"என்னது?"

"அன்னைக்கு அவன் கடல்ல கெடந்தது."

"இல்லம்மா. அப்ப நீ மேலதான தெளிச்ச. அது பழைய குழாய்."

"அந்தோணியார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. சத்தியம் செல்லும் என்று நினைக்கிறேன்.

"பிரகாசிட்ட சொல்லிராத. அந்தப் பிள்ள ஏற்கெனவே..." முடிக்கவில்லை. பிறகு, "அப்ப நான் இனிமே என்னதாம்ல செய்ய?"

செய்யாதே என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கீழே கூட்டிப் போய், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

"எஞ்சின் தண்ணி குடிக்கிற வாய் இது. இதுல ஊத்து."

எட்டிப் பார்த்தாள். "இதுல ஊத்துனா உள்ள எல்லா எடத்துக்கும் போவுமா?"

"சுத்திச் சுத்தி வரும். டீசலாவது எரிஞ்சு போயிரும். இது அப்படியே இருக்கும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு? இம்புட்டுப் படிச்சிருக்க!"

ஜூன் 10, புதன்

தொட்டி முழுவதையும் வடித்துத் துடைத்தேன். அண்ணன் ஏன் என்று கேட்டான். "அடி அழுக்கு" என்றேன். தலையாட்டினான். வடிகட்டியைக் கழற்றிப் புதிது போட்டேன். சின்ன வேலை. முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி மிகுந்த கனிவோடு நினைத்தேன். காரணம் கண்டவனின் கனிவு. அது மிகவும் வசதியான ஓர் உணர்ச்சி.

எஞ்சின் கட்டிய இடத்தில் நாள் முழுக்க ஓடியது. கிண்ணத்தில் ஒரு துளி இல்லை.

ஜூன் 12, வெள்ளி

தடை முடிவதற்கு முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறவர்கள் வலையில்லாமல் கொஞ்ச தூரம் போய் வருவார்கள். காலையில் கிளம்பினோம். அண்ணன், தொம்மை, நான். கயிற்றை அவிழ்க்கும்போது மதினி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"நானும் வாரேன்."

கட்டிக் கிடக்கும் படகில் பெண்கள் ஏறலாம், ஓடுகிற படகில் ஏறக் கூடாது என்பது எங்கள் கரையின் இலக்கணம். பக்கத்துப் படகுகளில் பேச்சு நின்றது.

"தங்கச்சி, பொம்பள ஏறுனா கடலு ஒத்துக்கிடாதும்மா" என்றார் தொம்மை.

"மார்ச்சுல எந்தப் பொம்பளண்ணே ஏறி நின்னா? பேரச் சொல்லுங்க."

தொம்மை நகர்ந்து இடம் கொடுத்தார். அண்ணன் கை நீட்டினான். அவள் பிடிக்காமலே ஏறினாள்.

அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டியதும் படகு ஆடத் தொடங்கியது. நான் வாந்தி எடுத்தேன். மீனவன் மகன், மீனவன் தம்பி. அப்பாகூட கடலில் சாகவில்லை, சர்க்கரையில்தான் செத்தார். நாங்கள் கதைக்கு உதவாத குடும்பம். இரண்டாவது முறை வாந்தி எடுக்கும்போது எஞ்சின் விக்கியது. மூன்று நான்கு விக்கல். பிறகு நின்றது.

எஞ்சின் நின்றால் மரத்தின்மேல் தண்ணீர் அறையும் சத்தம் கேட்கும். முன்பும் கேட்டிருக்கும், நாம்தான் கேட்பதில்லை. அண்ணன் எஞ்சினைப் பார்க்கவில்லை. மதினியைப் பார்த்தான். மதினி கடலைப் பார்த்தாள்.

"பம்பு போச்சு. நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் தொம்மை. சொல்லவேயில்லை.

கீழே இறங்கினேன். அம்மா மறுபடி ஊற்றிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுதிவைக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. குமிழிகள். வரிசையாக, சோடா புட்டியில் போல.

காற்று. புது வடிகட்டியின் தலைப்பக்கத்தில் விரல் வைத்தேன். லேசாக ஆடியது. கழற்றினேன். அதன் வாயில் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. மேலே, படகோடு நிலையாக இருக்கும் பகுதியில், இன்னொன்று. பழைய வடிகட்டியைக் கழற்றியபோது அதன் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் பார்க்காமல் புதியதை அதன்மேலேயே திருகிவிட்டேன். இரண்டு வளையம் ஒன்றோடொன்று வழுக்கி, ஆட்டத்தில் விலகி, காற்றை இழுத்திருக்கிறது. பழைய வளையத்தை எடுக்கச் சொல்லி உறையில் படமே போட்டிருந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் படித்தேன்.

மூன்று நாளாக அம்மாவை மன்னித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யணும்?" மதினி படியிறங்கி வந்து நின்றாள்.

பழைய வளையத்தை உரித்து எறிந்தேன். வடிகட்டியில் டீசல் நிரப்பித் திருகினேன். "இத அடிங்க மதினி" என்றேன். அவள் கை பம்பை அடித்தாள். நான் நட்டைத் தளர்த்தினேன். நுரை. நுரை. பிறகு டீசல். இறுக்கினேன். அண்ணன் மேலே சாவியைத் திருகினான். எஞ்சின் பிடித்தது.

மேலே வந்தோம். அண்ணன் முகம் இறுகியிருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேல் சொன்னான்: "சொன்னா சொன்னதுதான். கடல்லதான் நின்னிருக்கு. கோவளத்து ஆள வரச் சொல்லிருதேன்."

"என் தப்புண்ணே. வளையம்..."

"எஞ்சின நிறுத்துங்க" என்றாள் மதினி.

"இப்பத்தானட்டீ ஓடுது?"

"நிறுத்துங்கங்கேன்."

நிறுத்தினான். மறுபடி அந்தத் தண்ணீர்ச் சத்தம்.

"தம்பி, அந்த வடிகட்டிய லூசாக்குங்க. காத்து போவட்டும்." என்னிடம் சொல்லிவிட்டு அண்ணனிடம் திரும்பினாள். "இப்ப நீங்க எறங்கி எடுங்க."

"எனக்கு அது தெரியாதுடி. அதெல்லாம் தொம்மைதான்..."

"தொம்மையண்ணன் ஒங்ககூடக் கடலுக்கு வருவாவளா?"

தொம்மை வானத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நின்னப்ப என்ன செஞ்சீங்க?"

"ஸ்டார்ட் அடிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"பேட்டரி தீருற வரைக்கும்."

"பெறகு?"

அண்ணன் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பெறகு எல்லாரும் சேந்து செபமால சொன்னோம்."

யாரும் சிரிக்கவில்லை. தொம்மைகூட.

"சொன்னது நல்லதுதான்" என்றாள் மதினி. "இனிமேயும் சொல்லுங்க. கையில ஸ்பேனரப் புடிச்சிக்கிட்டுச் சொல்லுங்க. எறங்குங்க."

அண்ணன் இறங்கினான். இருபது வருடமாக அந்த எஞ்சினின் மேல் நின்று கடலுக்குப் போனவன், அதன் முன்னால் புது மாப்பிள்ளை போல நின்றான். நான் நட்டைக் காட்டப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டாள். முதல் தடவை நுரை தீருமுன் இறுக்கினான். பிடிக்கவில்லை. "மறுக்கா" என்றாள். இரண்டாம் தடவை நட்டு கையிலிருந்து விழுந்து எஞ்சினுக்கு அடியில் உருண்டது. டீசல் கலந்த அழுக்குத் தண்ணீரில் முழங்கை வரை விட்டுத் தேடி எடுத்தான். "மறுக்கா." மூன்றாம் தடவை பிடித்தது.

எங்கள் யாரையும் பார்க்காமல் அவன் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு கேட்டான்: "அப்ப அந்த ஆளுட்ட என்ன சொல்ல?"

"விக்கலன்னு சொல்லுங்க. பழைய எஞ்சின், நிக்கத்தான் செய்யும். நின்னா எழுப்பத் தெரியணும். அம்புட்டுத்தான்."

திரும்பும் வழியில் மதினியிடம் வளையத்தைப் பற்றி முழுதாகச் சொன்னேன். காரணம், விளைவு, என் பொறுப்பு.

"தெரியும். கழட்டும்போதே ஒங்க மொகத்தப் பாத்தேன்" என்றாள். "ஒங்க மொகத்துல எல்லாம் வெளியதான் ஒழுகும். இப்பக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி ஒக்காருங்க. திரும்ப வரப்போவுது ஒங்களுக்கு."

வந்தது.

ஜூன் 13, சனி

அந்தோணியார் திருநாள். அம்மா படகுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சரியான மூடியைத் திறந்தாளா என்று பார்க்க. திறந்தாள்.

ஜூன் 15, திங்கள்

நேற்றோடு தடை முடிந்தது. விடியும் முன் எல்லாப் படகுகளும் போய்விட்டன. அண்ணன் என்னையும் கூப்பிட்டான். நான்காவது இயல் இருக்கிறது என்றேன். அவன் நம்பினான். நானும் கொஞ்சம்.

பத்து மணிக்கு அடுக்களைக்குப் போனேன். மதினி எங்கே என்று கேட்டேன். அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"தூங்குதா."

"இந்நேரமா? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மெதுவாப் பேசு." அம்மா வெங்காயத்தை அரிவாள்மனையில் நறுக்காமல் கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். "மார்ச்சுக்குப் பெறகு அவன் கடலுக்குப் போன ஒரு நாளாவது இவ கட்டையச் சாய்ச்சிருப்பாளா? வாசல்லயே நிப்பா. நான் படுன்னா, 'நீங்க படுங்கத்த'ம்பா. இன்னைக்கு அவன் போனதும் வந்து படுத்தா. படுத்தவதான்."

கதவு இடுக்கில் பார்த்தேன். வெறுந்தரையில், வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. பார்த்திருக்கக் கூடாது. வந்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தேன். விசைப்பலகையைத் தட்டினால் சத்தம் வருமென்று எழுதவில்லை. இதுவரை கிடைத்த காரணங்களில் இதுதான் கௌரவமானது.

அடுப்பில் குக்கர் மூச்சு விடத் தொடங்கியது. விசில் வரப் போகிறது. அம்மா ஓடிப் போய் அடுப்பை அணைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பற்றவைத்தாள். மறுபடி மூச்சு. மறுபடி அணைத்தாள்.

மதியம் சோறு அரைவேக்காடு. பேசாமல் மென்று தின்றேன்.